முப்பத்தாறு படங்கள்

பரணிலிருந்து இறக்கப்படும் சாமான்களில் முக்கால்வாசி மறுபடியும் பரணுக்கே போய்ச் சேருவது குடும்பங்களின் தொன்றுதொட்ட வழக்கம். நம் வீட்டில் அவ்விதம் திரும்பிப் போகாமல் தப்பித்துக்கொண்ட பொருள் ஒன்று உண்டு. அது ஒரு காமிரா.

பென்டாக்ஸ் கே-1000 என்பது அதன் திருநாமம். ஜப்பானியக் கம்பெனி ஒன்று 1976-ல் வெளியிட்டு, 1997 வரையில் அதிக மாறுதலின்றி விற்று வந்த யந்திரம். கையில் எடுத்தால் செங்கல்லைப் போல் கனக்கும். தானாக ஒரு காரியமும் செய்ய அதற்குத் தெரியாது. எதிரே இருப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதை லென்ஸைத் திருகி நாம்தான் சொல்லவேண்டும். வெளிச்சம் நுழையும் துவாரம் எவ்வளவு அகலம், ஷட்டர் திறந்து மூட எவ்வளவு நேரம் என்பவற்றையும் நாமே நிர்ணயிக்கவேண்டும். உள்ளே ஒரு சிறிய பாட்டரி உண்டு. அது வெளிச்சத்தை அளந்து காட்டும் முள்ளுக்கு மட்டுமே. பாட்டரி செத்துப் போனாலும் காமிரா பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்.

இத்தகைய உழைப்பாளியை நாம் பரணுக்கு அனுப்பிய காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும். கைப்பேசி வந்தது, அதிலேயே காமிராவும் வந்தது, பிலிம் செலவு, கழுவும் செலவு எல்லாம் ஒழிந்தன. முதலில் அளவில்லாத உற்சாகம். நாளடைவில் படம் எடுப்பதில் நமக்கிருந்த ஆசை எப்போது போயிற்று என்றே தெரியாமல் போய்விட்டது. சென்ற ஆண்டு ஒரு நாள் கைப்பேசியில் எத்தனை படங்கள் இருக்கின்றன என்று பார்த்தோம். 11,000-க்கு மேல் இருந்தன. மளிகைக் கடை ரசீது, ரயில் டிக்கெட், சர்க்கரை வியாதிப் பரிசோதனைச் சீட்டு, சாம்பார் கொட்டிய மேஜை, ஒரே பூனை நாற்பது தடவை. நம்மை வளர்த்த அத்தையின் படத்தைத் தேடினோம். நான்கு கிடைத்தன. நான்கிலும் அத்தை யாருடைய கலியாணத்திலோ யாருடைய முதுகுக்குப் பின்னாலோ பாதி முகத்துடன் நின்றுகொண்டிருந்தாள்.

அத்தைக்கு வயது 88. அன்று மாலையே பரணுக்கு ஏணி போட்டோம்.

பொத்தானை அழுத்துவது மட்டுமே உங்கள் வேலை, மற்றதெல்லாம் எங்கள் பொறுப்பு என்ற யோசனை இந்தக் காலத்தில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பவர் 1888-லேயே கோடக் காமிராவை அந்த ஆசை காட்டித்தான் விற்றார். நூறு படங்களுக்கான சுருளை உள்ளே வைத்தே விற்பார்கள். எடுத்து முடித்ததும் காமிராவையே ராச்செஸ்டர் நகரத்துக்கு அனுப்பிவிட்டால், படங்களும் புதுச் சுருள் போட்ட காமிராவும் திரும்பி வரும். அதே கோடக் கம்பெனியில்தான் 1975-ல் ஸ்டீவன் ஸாஸன் என்ற இளம் எஞ்சினியர் பிலிம் இல்லாத காமிரா ஒன்றைச் செய்து காட்டினார். ஒரு படத்தை ஒலி நாடாவில் பதிய அதற்கு 23 விநாடி பிடித்ததாம். அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவனாகித் தாயையே வீட்டை விட்டுத் துரத்தியது. 2012 ஜனவரியில் கோடக் கம்பெனி திவால் மனுப் போட்டது. பிலிமின் கதை அத்துடன் முடிந்தது என்றே எல்லோரும் எண்ணினார்கள். ஆனால் 2024-ல் பென்டாக்ஸ்காரர்கள் கையால் நெம்பிச் சுற்றும் புத்தம் புதிய பிலிம் காமிரா ஒன்றை வெளியிட்டார்கள். பரணில் ஏணி போட்டவர்கள் நாம் மட்டுமல்ல என்பது அப்போது விளங்கிற்று.

சென்னையில் ஒரு கடையில் இங்கிலாந்தில் செய்த இல்போர்டு கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்று வாங்கினோம். முப்பத்தாறு படங்கள். சுருளின் விலையையும் கழுவும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் ஆயிரம் ரூபாய்க்கு மேல். அதாவது ஒரு தடவை விரலை அழுத்தினால் முப்பது ரூபாய். கடைக்காரர் சீமைச் சரக்கை நீட்டியபோது உதகமண்டலத்தின் ஞாபகம் வராமல் போகவில்லை. 1960-ல் நம் சர்க்கார் அங்கே இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையை ஸ்தாபித்தார்கள். 1967-ல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. ‘இந்து’ என்ற முத்திரையுடன் சுதேசிச் சுருள்கள் தேசமெங்கும் போயின. ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்-ரே பிலிமும் போயிற்று. தொழிற்சாலை இருந்த இடத்துக்கே இந்து நகர் என்று பெயர். இன்று அந்தத் தொழிற்சாலை இயங்கவில்லை. உலகத்தில் பிலிம் செய்யத் தெரிந்த தேசங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றில் ஒன்றாக நாமும் இருந்தோம்.

நிற்க. அத்தையின் கிராமம் தஞ்சாவூருக்கு அப்பால் காவேரிப் பாசனத்தில் இருக்கிறது. போகிற வழியில் பெரிய கோயிலில் இறங்கினோம். அங்கே ஓர் இளைஞர் நடந்துகொண்டே கைப்பேசியை உயர்த்தி விமானத்தை இருபது, முப்பது என்று எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அவரைக் குறை கூற நமக்கு யோக்கியதை இல்லை. நம்முடைய பூனை சாட்சி சொல்லும். ஆனால் அதே விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டைப் பார்த்ததும், லினேயஸ் ட்ரைப் என்ற கும்பினி ராணுவ அதிகாரியை நினைத்துக்கொண்டோம். 1858-ல் சென்னை ராஜதானி சர்க்காரின் போட்டோக்காரராக வந்த அவர், மெழுகு தோய்த்த காகித நெகடிவ்களில் அந்தக் கல்வெட்டைத் துண்டு துண்டாகப் படம் எடுத்து, 21 பிரிண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அன்னிய ஆட்சியின் ஊழியர்தான்; என்றாலும் ராஜராஜனின் எழுத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்து நின்ற அந்தப் பொறுமையை மெச்சாமலிருக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்குள்ளேயே இதெல்லாம் வீண் ஆடம்பரம் என்று சர்க்கார் அவருடைய இலாகாவை மூடிவிட்டார்கள்.

அத்தை வீட்டுக்கு வருவோம். அத்தைக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்திருந்தபடியால் பளிச்சென்ற மின்னொளி உதவாது. ஆகவே முற்றத்து வெளிச்சத்தை நம்பித்தான் எடுக்கவேண்டும். நடு வெயிலாயிருந்தால் கணக்கு சுலபம்: துவாரத்தை 16 என்ற எண்ணில் வைத்து, சுருளின் வேகம் 400 என்றால் ஷட்டரை விநாடியில் 400-ல் ஒரு பங்குக்கு அருகிலுள்ள எண்ணில் வைத்தால் போதும்; நம் காமிராவில் அது 500. தாழ்வாரத்து நிழலிலோ வெளிச்சம் வெகு குறைவு. துவாரத்தை அகலத் திறந்து, ஷட்டரை விநாடியில் 30-ல் ஒரு பங்குக்கு இறக்கி, தூணில் சாய்ந்து மூச்சை அடக்கவேண்டியிருந்தது. துவாரம் அகன்றால் தூரக் கணக்கில் நான்கு விரற்கடை பிசகினாலும் கண்ணுக்குப் பதில் காது தெளிவாக விழும்.

இப்படிக் காத்திருந்தபோது கனு காந்தியின் சரித்திரம் பாதி விளங்கிற்று. மகாத்மாவுக்குப் பேரன் முறையாகும் அவர், படம் எடுக்க அனுமதி கேட்டபோது காந்தியடிகள் மூன்று நிபந்தனைகள் விதித்தார். மின்னொளி கூடாது, இப்படி நில், அப்படித் திரும்பு என்று சொல்லக் கூடாது, ஆசிரமத்துப் பணம் ஒரு காசு கூடச் செலவாகக் கூடாது. கன்ஷியாம் தாஸ் பிர்லா கொடுத்த நூறு ரூபாயில் கனு காமிரா வாங்கினார். 1948 வரையில் அவர் எடுத்த படங்களைப் பார்த்திருப்பவர்களுக்கு அந்த நிபந்தனைகள் தடையாகத் தோன்றமாட்டா. குடிசைக்குள் வரும் சிறிது வெளிச்சத்துக்காகவும், பாபு தாமாகத் திரும்பும் கணத்துக்காகவும் காத்திருந்தவருடைய படங்கள் அவை. அமெரிக்கப் பெண்மணி மார்கரெட் போர்க்-ஒயிட் 1946-ல் காந்தியடிகளை ராட்டையுடன் படம் எடுக்க வந்தபோது, முதலில் நூற்கக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு மூன்றே மூன்று மின்னொளிப் பல்புகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். இரண்டு வீணாயின. மூன்றாவது கைகொடுத்தது.

நமக்கு முப்பத்தாறு இருக்கின்றனவே என்று தைரியமாக இருந்தோம்.

“ஏண்டா, அழுத்தாமல் எதற்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறாய்?” என்றாள் அத்தை.

“வெயில் அந்தத் தூணுக்கு வரட்டும், அத்தை.”

“வரும், வரும். பதினோரு மணிக்கு வரும். அதுவரைக்கும் என்ன செய்வது?”

அதுவரைக்கும் அத்தை பேசினாள். 1953-ல் தன் கலியாணத்தின்போது கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த படத்தைப் பற்றிச் சொன்னாள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, ‘மூச்சு விடாதே அம்மா’ என்றாராம். அவர் தலையை வெளியே எடுத்த பிறகும் ‘விடலாம்’ என்று சொல்ல மறந்துவிட்டாராம். பதினேழு வயதுப் பெண் மூச்சை அடக்கி அடக்கி மயக்கம் போட இருந்தாளாம். அந்தப் படம் எங்கே என்று கேட்டோம். கரையான் தின்றுவிட்டது என்றாள். இத்தனை வருஷங்களில் இந்தக் கதையை நாம் கேட்டதில்லை. அங்கே அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்ததும் இல்லை.

அன்று பிற்பகல் வரையில் எடுத்தோம். ரயிலில் திரும்புகையில்தான் சந்தேகம் தட்டிற்று. 36-வது படம் ஆன பிறகும் நெம்புகோல் ஒரு தடையுமின்றி நகர்ந்துகொண்டிருந்தது. 37, 38, 39... அட்சய பாத்திரம் போல் வந்துகொண்டேயிருந்தன. காமிராவைத் திறந்து பார்த்தோம். சுருளின் நுனி எதிர்ப்பக்கத்து உருளையில் மாட்டவேயில்லை. சுருள் தன் குப்பிக்குள் சுகமாக இருந்தது. அவ்வளவு நேரமும் வெற்றுக் காமிராவில் ஷட்டர் சப்தத்தை மட்டும் எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். நெம்பும்போது இடது பக்கத்துத் திருகு சேர்ந்து சுழல்கிறதா என்று பார்த்திருந்தால் முதல் படத்திலேயே தெரிந்திருக்கும். இளமையில் இதை ஊருக்கெல்லாம் உபதேசித்தவர்கள் நாம்! சுருள் கெடவில்லையாதலால் பணம் நஷ்டமில்லை. அத்தைதான் நஷ்டம்.

பதினைந்து நாள் கழித்து அதே சுருளுடன் மறுபடியும் போய் நின்றோம். உண்மையை ஒப்புக்கொண்டதும் அத்தை வெகு நேரம் சிரித்தாள்.

“படம் விழாவிட்டால் போகிறது. நீ வந்து நாளெல்லாம் உட்கார்ந்திருந்தாயே, அது விழாமலா போய்விட்டது? இந்தத் தடவையாவது பெட்டிக்குள் சுருள் இருக்கிறதா பார்த்துக்கொள்!”

இந்தத் தடவை திருகு சுழன்றது.

சுருளைக் கழுவக் கடைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. இருளில் நடக்கவேண்டிய முதல் வேலையை, நடு நிசியில் கம்பளிக்குள் கையை விட்டுக்கொண்டு, பிலிமைத் தடவித் தடவி உருளையில் ஏற்றி முடித்தோம். டெவலப்பர் மருந்து 20 டிகிரி சூட்டில் இருப்பது உத்தமம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரோ முப்பதுக்குக் குறைவதில்லை. சூடு ஏறினால் மருந்து அவசரப்பட்டுப் படத்தைக் கருக்கிவிடும். ஆகையால் வீட்டிலிருந்த ஐஸ் முழுவதையும் பறிமுதல் செய்தோம். வீட்டார் அபிப்பிராயத்தை இங்கே எழுத வேண்டியதில்லை. டெவலப்பருக்குப் பிறகு ஹைப்போ, அதற்குப் பிறகு தண்ணீர். டப்பாவைத் திறந்து ஈரச் சுருளை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தோம். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும், தாழ்வாரத்துத் தூணருகே அத்தை உட்கார்ந்திருந்தாள். அந்த நிமிஷத்தில் நம் கை நடுங்கியது குளிர்ந்த தண்ணீரினால் மட்டுமல்ல.

முப்பத்தாறில் அத்தையின் படங்கள் பதினொன்று. ஐந்தில் காதுதான் தெளிவு. இரண்டில் அத்தை அசைந்திருந்தாள், ஒன்றில் நாம். மிச்சம் மூன்றில் இரண்டு பரவாயில்லை. ஒன்று நன்றாயிருந்தது. பிலிமில் எடுத்துவிட்டால் எல்லாம் கலையாகிவிடும் என்று சொல்லித் திரிபவர்களுக்கு இந்தக் கணக்கைச் சமர்ப்பிக்கிறோம். அலமாரியில் அலங்காரமாக வைப்பதற்கென்று லட்சக்கணக்கில் கொடுத்து லைகா வாங்குகிறவர்களைப் பற்றியும் நமக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. ரசீதையும் சீட்டையும் எடுக்க இன்றைக்கும் கைப்பேசிதான். பூனைக்கு மட்டும் கட்டுப்பாடு விதித்திருக்கிறோம்.

அந்த ஒரு படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவையும் மாட்டிக்கொண்டு ஒரு தடவையும் பார்த்தாள். நாம் பாராட்டை எதிர்பார்த்து நின்றோம்.

“எல்லாம் சரிதான். வலது காதுத் தோடு தெரியவில்லையே!” என்றாள்.

காமிராவில் இப்போது இரண்டாவது சுருள் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒன்பது படங்கள் பாக்கி. அவற்றில் மூன்றைத் தோட்டுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.