உங்களுக்குத் தெரியுமா? மேடையில் பிறந்த பொப்

மட்டக்களப்பிலிருந்து பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி வாகரைக்குப் போகும் பஸ்ஸில் அநேகமாகத் தமிழகத்துச் சினிமாப் பாட்டுத்தான். ஆனால் ஈழத்துத் தமிழ்ப் பொப் சினிமா பெற்ற பிள்ளையில்லை. கிற்றாரும் கைதட்டலுமாக மேடையிலேயே பிறந்தது. அதைப் பற்றிச் சில துணுக்குகள்.

'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினத்தின் ஊர் யாழ்ப்பாணத்து உரும்பிராய். ஆனால் 1960களில் அவர் பொப் பாடத் தொடங்கியது கிழக்கில், அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த நாட்களில். மாமியிடம் மகளை விசாரிக்கிற அந்தப் பாட்டில் இலக்கியத் தமிழ் கிடையாது, வீட்டுப் பேச்சுத்தான். அதனால்தான் அது இன்னும் கலியாண வீடுகளில் உயிரோடு இருக்கிறது என்பது என் கட்சி.

'சுராங்கனி' ஒரு மீன் பாட்டு! சிங்களமும் தமிழும் கலந்து ஏ.ஈ. மனோகரன் பாடிய அந்தப் பாட்டு கடல் கடந்து போய், 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்திலும் ஒலித்தது. இலங்கை மேடைப் பாட்டைச் சினிமா கடன் வாங்கிய அபூர்வமான சந்தர்ப்பம் அது. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

பொப்பும் பைலாவும் பகிரும் துள்ளல் தாளத்தின் பூர்வீகத்தைத் தேடுபவர்கள் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. மட்டக்களப்பின் போர்த்துக்கேயப் பறங்கியர் கலியாணங்களில் வயலினோடு ஆடிப் பாடும் கஃப்ரிஞ்ஞா, பைலாவுக்கு நெருங்கிய உறவு. 1940களில் பைலாவை நாடறியச் செய்த வாலி பாஸ்டியன் வேலை பார்த்தது பொலிஸில்.

இப்போது வளர்ந்துவரும் குரல்களுக்கு வருவோம். 2023இல் ஜீ தமிழின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' மூன்றாம் பருவத்தில் இலங்கையிலிருந்து இரண்டு சிறுமிகள் பாடினார்கள். அரியாலை கில்மிஷா உதயசீலன் அந்த டிசம்பரில் பட்டத்தையே வென்றார். ஊர் திரும்பியபோது பலாலி விமான நிலையத்திலேயே வரவேற்பு தொடங்கிவிட்டது. மற்றவர் புசல்லாவை நயாப்பனத் தோட்டத்து அசானி கனகராஜ். போட்டியாளர் தெரிவெல்லாம் முடிந்த பிறகே அவரால் சென்னை போய்ச்சேர முடிந்தது. பிறகுதான் போட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு நிறைந்த வருடம் அது. தேயிலைத் தோட்டம் என்றால் சுற்றுலாப் படம் மட்டுமே நினைவுக்கு வந்த எத்தனையோ தமிழக வீடுகளுக்கு தொழிலாளர் குடியிருக்கும் லயன் அறை என்ற ஒன்று இருப்பது அந்தப் பிள்ளையின் மூலம்தான் தெரியவந்தது. கண்ணீரை எப்படிக் காட்சியாக்குவது என்று தொலைக்காட்சிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெதுவாக ஓடும் காட்சி, பின்னால் ஒரு புல்லாங்குழல்! அதையெல்லாம் கழித்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். மிச்சம் நிற்கிறது குரல், இரண்டு பேருக்கும்.

இன்றைய ஒலிப்பதிவில் பிசகிய சுருதியைக் கணினியே நிமிர்த்திவிடும். அந்த 'ஆட்டோ டியூன்' மென்பொருள் 1997இல் வந்தது. கண்டுபிடித்த ஆன்டி ஹில்டபிராண்ட் பாட்டு வாத்தியார் அல்ல, நிலத்தடியில் எண்ணெய் தேட நில அதிர்வு அலைகளை ஆராய்ந்தவர்! ஒரு பாடகியை எடைபோட வேண்டுமானால் கோயில் திருவிழா மேடையில் கேளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். திறந்த வெளியில் சத்தம் மோதித் திரும்பச் சுவர் இல்லை. பாடுபவரைப் பார்த்தபடி ஒரு ஒலிபெருக்கி வைக்காவிட்டால் தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காது. கத்தத் தொடங்கி, மூன்றாவது பாட்டில் தொண்டை கட்டிவிடும். இசைக்குழுக்காரர்கள் முதலில் அந்தப் பெட்டியைத்தான் சரிபார்ப்பார்கள்.

முதலில் சொன்ன பஸ் போகும் வாகரை, பனிச்சங்கேணிப் பக்கம் வாழும் கரையோர வேடரைப் பற்றி மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட 'த வெத்தாஸ்' நூலில் எழுதியிருக்கிறார்கள். உள்நாட்டு வேடரின் பாட்டுக்களை மெழுகு உருளைகளில் பதிவுசெய்தவர்களும் அவர்களே. அவற்றை ஆராய்ந்த சி.எஸ். மையர்ஸ், சில பாட்டுக்கள் இரண்டே சுரங்களில் முழுமை பெற்றுவிடுவதைக் கண்டார். ஏழு சுரமும் போதாமல் திணறும் சில இசையமைப்பாளர்களுக்கு இதைச் சொல்லலாம்.

கடைசித் துணுக்கு: கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் கேட்கும் மட்டக்களப்பின் 'பாடும் மீன்' ஓசை, 1960களில் இலங்கை வானொலியிலும் ஒலிபரப்பானது. சன்மானம் கேட்டுக் கடிதம் எழுதாத ஒரே கலைஞர்!