குடல்வால் வளர்வது நோயா?

"சேர், புள்ளைக்குக் குடல்வால் வளந்திருச்சாம். ஒப்பரேஷன் பண்ணணுமாம். கையெழுத்துப் போடவா?" ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் என் மாணவனின் தாய், ஆஸ்பத்திரி வார்டிலிருந்து போனில் கேட்டார். "மத்த புள்ளைகளுக்கு இது இல்லதானே சேர்?"

எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. தமிழ் படித்தவன் என்ற முறையில், பிழையில் பாதியைச் சொல்லின்மீது போடுவேன். பாடத்தில் இதைக் 'குடல்வளரி' என்கிறோம். ஏதோ புதிதாக முளைத்து வளர்வதென்றே கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். இலத்தீன் பெயருக்கோ 'புழுவடிவ ஒட்டுறுப்பு' என்றுதான் பொருள்.

வயிற்றின் வலது கீழ்ப்புறம், பெருங்குடலின் தொடக்கத்தில் தொங்கும் ஒருமுனை மூடிய குழாய் அது. பிறந்த பிள்ளைக்கு அதன் வாய் புனல்போல் அகன்றிருக்கும், இலேசில் அடைபடாது. கைக்குழந்தைகளுக்கு இந்நோய் அரிதாவதற்கு அது ஒரு காரணம். பின்பு நீண்டு, ஏறக்குறைய மூன்று வயதிலேயே பெரியவர்களின் அளவை எட்டிவிடுகிறது. சராசரி 8 முதல் 10 சென்ரிமீற்றர். லயத்து வாசலில் ஓடி விளையாடும் நாலு வயதுப் பிள்ளையினதும் தகப்பனதும் நீளத்தில் பெரிய வித்தியாசமில்லை!

ஆகவே நீளம் நோயல்ல. ஸ்கேனில் டொக்டர் முக்கியமாகப் பார்ப்பது தடிப்பை. வழக்கமாக 6 மில்லிமீற்றருக்குள் இருக்கும், கூடினால் சந்தேகம். ஆனால் சுகமான சில பிள்ளைகளுக்கும் சற்றுக் கூடலாம் என்பதால், வலியையும் இரத்தப் பரிசோதனையையும் சேர்த்தே முடிவெடுப்பார்கள். பள்ளிப் பருவத்தில் அதன் சுவரிலுள்ள நிணநீர் இழையம் பெருகும். அதுவோ, இறுகிய மலமோ வாயை அடைத்தால் உள்ளே கிருமி பெருகி வீங்கும். கவனியாவிட்டால் வெடிக்கும். சின்னப் பிள்ளைகளில் இது சீக்கிரம் நடந்துவிடும். எங்கே வலிக்கிறதென்று அவர்களுக்குச் சொல்லவும் தெரியாது.

எனக்குப் பயம் இங்கேதான். வயிற்றுவலி என்றால் நம் பக்கத்தில் முதலில் "பூச்சி" என்பார்கள். பேதி மருந்தும் கொடுத்துவிடுவார்கள். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி சில மணித்தியாலத்தில் வலது கீழ்ப்புறம் இறங்கி, வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்து, பிள்ளை சாப்பாட்டையும் வெறுத்தால் பேதி மருந்து ஆபத்து. பெரட்டு முடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. எல்லாப் பிள்ளைக்கும் இதே வரிசையில் வராது என்பதையும் சொல்லவேண்டும்.

குடல்வாலை வெட்டியெடுத்ததாகப் பதிவான முதல் சிகிச்சையும் ஒரு பிள்ளைக்குத்தான்: 1735இல் இலண்டனில் குளோடியஸ் அமியாண்ட் 11 வயதுப் பையனுக்குச் செய்தார். மயக்கமருந்து இல்லாத காலம்.

இவ்வளவையும் போனில் சொல்லவில்லை. "எல்லாருக்கும் உள்ளதுதான்மா, அது வீங்கிருச்சு, டொக்டர் சொல்றபடி செய்ங்க" என்றேன்.

"வெட்டினா திரும்ப வளருமா சேர்?"

"வளராதும்மா."

கையெழுத்துப் போடப் போனார்.