முன்மொழிந்தவரே கைவிட்ட வேட்பாளர்

கூட்டு வியாபாரம் பிரியும்போது சரக்கையும் பாக்கியையும் பிரித்துக்கொள்வது பெரிய காரியமல்ல. தராசும் படிக்கல்லும்கூடப் பிரிந்துவிடும். பெயர்ப் பலகை யாருக்கு என்பதில்தான் பங்காளிகள் கோர்ட்டுப் படி ஏறுவார்கள். வாடிக்கையாளரோ வழக்கம்போலப் பையோடு வந்து, எந்தக் கடைக்குள் நுழைவது என்று தெரியாமல் தெருவில் நிற்பார். 1969-ஆம் ஆண்டில் காங்கிரஸ் என்ற பெரிய ஸ்தாபனம் அப்படித்தான் பிரிந்தது. அன்று தெருவில் நின்றவர்கள் அதன் தொண்டர்கள். தமிழ்நாட்டில் அவர்களில் மளிகைக் கடைக்காரர்களும் மண்டி வியாபாரிகளும் ஏராளம்.

தன் கட்சி நிறுத்திய வேட்பாளரை விட்டுவிட்டு எதிர் வேட்பாளருக்குக் கை காட்டும் தலைவர்களை அதற்குப் பிறகும் பார்த்திருக்கிறோம். 2007 ஜனாதிபதித் தேர்தலில் பா.ஜ.க.வின் கூட்டாளியான சிவசேனா, கூட்டணி ஆதரித்த ஷெகாவத்தை விட்டு, பிரதிபா பாட்டீலுக்கு ஓட்டுப் போட்டது. அது இரண்டு நாள் செய்தி, அவ்வளவுதான். 1969-ல் நடந்தது வேறு. கட்சி வேட்பாளரின் மனுவில் முன்மொழிந்து கையெழுத்திட்ட பிரதமரே அவரைக் கைவிட்டார். இளைய வியாபாரிகள் பலருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்காது என்பதால் நடந்ததை முதலில் சொல்லிவிடுவோம்.

ஜனாதிபதி ஜாகிர் உசேன் 1969 மே 3-ல் பதவியில் இருக்கும்போதே காலமானார். உப ஜனாதிபதி வி.வி.கிரி பொறுப்பேற்றார். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் பார்லிமெண்டரி போர்டு, மக்களவை சபாநாயகர் நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராகப் பெரும்பான்மையில் தேர்ந்தெடுத்தது. பிரதமர் இந்திரா காந்தி சொன்ன ஜகஜீவன்ராம் பெயர் எடுபடவில்லை. ரெட்டிக்கு ஆதரவாக நின்றவர்களில் காமராஜரும் மொரார்ஜி தேசாயும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன், 1966 ஜனவரியில், இதே மொரார்ஜியைத் தோற்கடித்து இந்திரா பிரதமராவதற்கு முன்னின்று வேலை செய்தவர் காமராஜர். தலைவர்கள் கணக்கை நேர் செய்துகொள்ளும் வேகம் நம் மண்டிகளில்கூடக் கிடையாது.

கிரி சுயேச்சையாக நிற்பதாக அறிவித்தார். இந்திரா காந்தி மொரார்ஜியிடமிருந்து நிதி இலாகாவை எடுத்துக்கொண்டு, ஜூலை 19-ல் 14 பெரிய வங்கிகளை அவசரச் சட்டத்தால் தேசவுடைமை ஆக்கினார். ஆனாலும் ரெட்டியின் மனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டார். தொண்டர்கள் மூச்சு விட்டார்கள். அம்மையார் கட்சிக்குக் கட்டுப்பட்டுவிட்டார், சண்டை தீர்ந்தது என்றே நினைத்தார்கள்.

தீரவில்லை. காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா, ஜனசங்கம், சுதந்திரா கட்சித் தலைவர்களைச் சந்தித்து, அவர்களுடைய இரண்டாவது விருப்ப ஓட்டுகளை ரெட்டிக்குத் தரும்படி கேட்டார். அந்தக் கட்சிகளின் முதல் விருப்பம் சி.டி.தேஷ்முக். இதையே காரணமாகக் காட்டி, காங்கிரஸ் எம்.பி.க்களுக்குக் கொறடா உத்தரவு போட இந்திரா மறுத்தார். மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்றார். கிரிக்குப் போடுங்கள் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கியது.

ஆகஸ்ட் 16-ல் ஓட்டுப் பதிவு, 20-ல் எண்ணிக்கை. இந்தக் கணக்கை நம்மவர்கள் ரசிப்பார்கள் என்பதால் முழுதாகவே தருகிறேன். முதல் விருப்பத்தில் கிரிக்கு 4,01,515. ரெட்டிக்கு 3,13,548. தேஷ்முக்குக்கு 1,12,769. உதிரி வேட்பாளர்களையும் சேர்த்து மொத்த மதிப்பு 8,36,337. ஜெயிக்க வேண்டியது அதில் பாதிக்கு மேல், 4,18,169. யாரும் எட்டவில்லை. பின்னால் நின்றவர்களைக் கழித்து அவர்களுடைய ஓட்டுகளில் இருந்த அடுத்த விருப்பத்தைப் பங்கிட்டார்கள். ரெட்டிக்கு ஏறக்குறைய 92 ஆயிரம் கிடைத்தது. கிரிக்குப் பதினெட்டரை ஆயிரம்தான். நிஜலிங்கப்பா கேட்டு வாங்கிய சரக்கு ஒழுங்காகவே வந்து சேர்ந்திருக்கிறது! ஆனால் அதை வாங்கப் போனதால்தான் சொந்தக் கிடங்கில் இருந்தது போயிற்று. முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650. அன்று ஒரு எம்.பி.யின் ஓட்டுக்கு மதிப்பு 576. அப்படியென்றால் 13 எம்.பி.க்கள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும்.

இதைத் தலைவர்களின் கதையாக எழுதியவர்கள் பலர். கடையில் உட்கார்ந்திருந்த தொண்டனின் பக்கமிருந்து பார்த்தவர்கள் குறைவு. ஜனாதிபதித் தேர்தலில் அவனுக்கு ஓட்டே கிடையாது. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் போடுகிற ஓட்டு அது. ஓட்டு இல்லாத தேர்தலில்தான் அவன் மானம் போயிற்று.

எப்படி என்று யோசித்துப் பாருங்கள். 1967-ல் தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. விருதுநகரில் காமராஜரே 1,285 ஓட்டில் தோற்றார். அரிசித் தட்டுப்பாட்டு நாட்களில் ஜனங்களின் கோபம் முதலில் விழுந்தது காங்கிரஸ்காரரான கடைக்காரர் மீதுதான். கடை வாசலில் கொடி கட்டியவர், கல்லாவுக்கு மேலே தலைவர் படம் மாட்டியவர், கேட்டபோதெல்லாம் நிதி கொடுத்தவர், எதிர்க்கட்சி வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தவர் அவர். கட்சி அவருக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம் கட்டுப்பாடு. பஞ்சாயத்துத் தேர்தலில் கட்சி வேட்பாளருக்கு எதிராக வேலை செய்தால் நீக்கிவிடுவார்கள். மேலிடம் யாரை நிறுத்துகிறதோ அவருக்கே வேலை. பிடிக்கிறதா இல்லையா என்ற கேள்வி கிடையாது. அப்படிப் பழகியவரிடம், நாட்டின் பிரதமர் ஒரு நாள் கட்டுப்பாட்டை விட மனசாட்சி பெரிது என்றார். இத்தனை ஆண்டுகள் தன் மனசாட்சியை மூட்டை கட்டிப் பரணில் போட்டு வைத்தது யாருக்காக என்று அவர் கேட்டிருந்தால் அதில் என்ன தப்பு?

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அது ஒருதலைக் கணக்காகும். வங்கி தேசவுடைமையில் வியாபாரிக்கும் ஒரு வரவு இருந்தது. அதற்கு முன் பெரிய வங்கிகளின் கடன் பெரும்பாலும் பெரிய ஆலைகளுக்கும் பெரிய கம்பெனிகளுக்குமே போயிற்று. சொத்து ஜாமீன் காட்ட முடியாத சில்லறை வியாபாரிக்கு உண்டியல்காரரும் வட்டிக்கடையும்தான் கதி. 1969-க்குப் பின் விவசாயம், சிறுதொழிலோடு சில்லறை வியாபாரமும் முன்னுரிமைக் கடன் பட்டியலில் இடம்பெற்றது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அந்த 14-ல் சேர்ந்தவை. தூத்துக்குடியில் 1921-ல் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, 50 கோடி ரூபாய் வைப்புத்தொகை என்ற வரம்புக்குக் கீழே இருந்ததால் தனியார் வங்கியாகவே தொடர்ந்தது. ஆக, காமராஜர் படத்தின் கீழே உட்கார்ந்துகொண்டு, இந்திரா காந்தி திறந்துவிட்ட வங்கிக் கதவைத் தட்ட வேண்டிய நிலை பலருக்கு வந்தது. அதில் துரோகம் ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே உறுத்தியிருக்கும்.

நவம்பர் 12-ல் இந்திரா காந்தி கட்சியிலிருந்தே நீக்கப்பட்டார். அவரும் விடவில்லை, பெரும்பாலான எம்.பி.க்கள் அவர் பின்னால் போனார்கள். இந்திரா காங்கிரஸ், ஸ்தாபன காங்கிரஸ் என்று இரண்டு பலகைகள் தொங்கின. பழைய சின்னமான நுகம் பூட்டிய இரட்டைக் காளை இருவருக்கும் இல்லாமல் போயிற்று. 1971 தேர்தலில் இந்திரா தரப்புக்குப் பசுவும் கன்றும். ஸ்தாபனத்துக்கு ராட்டை சுற்றும் பெண். இருபது வருடம் மாட்டுப் பெட்டி என்று சொல்லிச் சொல்லி ஓட்டுக் கேட்டவர்களின் பாடு எப்படி இருந்திருக்கும்! டிரேட் மார்க் போன கம்பெனியின் ஏஜென்டுக்கு இது நன்றாகப் புரியும்.

தமிழ்நாட்டில் சி.சுப்பிரமணியம் போன்றோர் இந்திரா பக்கம் போனாலும் தொண்டர் கூட்டம் பெரும்பாலும் காமராஜரோடு நின்றது. பிறகு வந்ததுதான் இன்னும் கசப்பு. கிரிக்கு ஆதரவு தந்த தி.மு.க.வோடு இந்திரா காந்தி 1971-ல் கூட்டு வைத்தார். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அவர் கட்சி ஒரு தொகுதியில்கூட நிற்கவில்லை. நாடாளுமன்றத்துக்கு மட்டும் 9 இடம் வாங்கிக்கொண்டது. சட்டமன்றத்துக்கு இந்திரா காங்கிரசின் ஆதரவாளர் உதயசூரியனுக்குத்தான் போட வேண்டும். அந்தப் பக்கமோ, காமராஜரும் ராஜாஜியும் ஒரே அணி! இந்த இருவர் கோஷ்டிகளும் சுதந்திரத்துக்கு முன்பிருந்தே மோதிக்கொண்டவை. 1967-ல் காங்கிரசை வீழ்த்த தி.மு.க.வுக்குத் தோள் கொடுத்தவர் ராஜாஜி. நாலு வருடத்துக்குள் அவர் பெயரைச் சொல்லியும் ஓட்டுக் கேட்க வேண்டி வந்தது காமராஜர் தொண்டனுக்கு.

முடிவு எல்லோரும் அறிந்ததே. தி.மு.க. 184 இடங்கள், ஸ்தாபன காங்கிரஸ் 15. நாடாளுமன்றத்துக்கு நாகர்கோவிலில் காமராஜர் ஒருவர் மட்டும் ஜெயித்தார். இடங்களை வைத்துப் பார்த்தால் கடை காலி. ஓட்டைப் பார்த்தால் அப்படி இல்லை. ஸ்தாபன காங்கிரசுக்குச் சுமார் 35 சதவீதம் விழுந்திருக்கிறது. டில்லியில் ஆட்சி இல்லை, சென்னையில் இல்லை, பழைய சின்னம் இல்லை, கூட்டணியும் பிடித்தமில்லை. ஆனாலும் மூன்றில் ஒருவருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். கட்சி விசுவாசம் என்ற சொல் இதற்குப் பொருந்துமா என்பது எனக்குச் சந்தேகம். கட்சி எது என்று அகில இந்தியாவிலும் யாருக்கும் நிச்சயமில்லாத நேரம் அது. விருதுநகரில் தேங்காய் வியாபாரியின் மகனாகப் பிறந்து, மாமாவின் துணிக்கடையில் வேலை பார்த்த ஒரு மனிதருக்குத்தான் அவர்கள் போட்டார்கள் என்பதே என் கட்சி. தென் மாவட்டக் கடைகளில் இன்றும் கல்லாவுக்கு மேலே தொங்குவது அந்தப் படம்தான். அதன் கீழே எந்தக் கட்சிச் சின்னமும் இருப்பதில்லை.

காமராஜர் 1975 அக்டோபர் 2-ல் காலமானார். அவசரநிலை நடந்துகொண்டிருந்த காலம். நாலு மாதத்துக்குப் பின், 1976 பிப்ரவரியில், மூப்பனார் தலைமையில் தமிழ்நாட்டு ஸ்தாபன காங்கிரசின் பெரும் பகுதி இந்திரா காங்கிரசில் இணைந்தது. ஆறு வருடம் எந்தப் பெயரைச் சொல்லித் திட்டினார்களோ அந்தப் பெயருக்கே இனி கோஷம் போட வேண்டும். மனம் ஒப்பாதவர்கள் பா.ராமச்சந்திரனோடு நின்று, பிறகு ஜனதா கட்சிக்குப் போனார்கள். இரண்டு பக்கமும் போகாமல் கடையைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கிவிட்டவர்கள் கணக்கில் வருவதில்லை.

அதே மூப்பனாருக்கு இருபது வருடம் கழித்து ஒரு முறை வந்தது. 1996-ல் பிரதமர் நரசிம்மராவ், தமிழ்நாட்டுக் காங்கிரசாரின் எதிர்ப்பை மீறி அ.தி.மு.க.வோடு உடன்பாடு செய்தார். இந்த முறை தொண்டர்களும் தலைவர்களும் சேர்ந்தே வெளியேறினார்கள். தமிழ் மாநில காங்கிரஸ் சைக்கிள் சின்னத்தில் நின்று, தி.மு.க. அணியில் சட்டமன்றத்துக்கு 39 இடங்களும் நாடாளுமன்றத்துக்கு 20 இடங்களும் பிடித்தது. மூப்பனார் 2001-ல் மறைந்தார். 2002-ல் கட்சி மறுபடி காங்கிரசில் கரைந்தது. 2014-ல் ஜி.கே.வாசன் அதே பெயரில் மீண்டும் தொடங்கினார்.

1969-ல் கைவிடப்பட்ட சஞ்சீவ ரெட்டியின் கதையில் ஒரு பாக்கி இருக்கிறது. 1977 தேர்தலில் இந்திரா காந்தி ஆட்சியை இழந்தார், மொரார்ஜி பிரதமரானார். ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே காலமாகியிருந்ததால் மறுபடி ஜனாதிபதித் தேர்தல் வந்தது. 37 மனுக்கள் தாக்கலாயின, 36 தள்ளுபடி. மிஞ்சிய ஒன்று ரெட்டியுடையது. எதிர்க்கட்சியாகிவிட்ட காங்கிரசும் அவரை ஆதரித்தது. எட்டு வருடத்துக்கு முன் அவருக்காகக் கடைவாசலில் தொண்டை வற்ற வாதாடியவர்களுக்கு, இந்த முறை வாதாட எதிரில் ஆளே இல்லை.