ஒரே வேதாளம், இரண்டு மொழி! தெரியுமா?

ஸ்பைடர்மேன் முதன்முதலில் எங்கே தலைகாட்டினார், தெரியுமா? தனிப் புத்தகத்தில் அல்ல! 1962 ஆகஸ்ட் தேதியிட்ட ‘அமேசிங் ஃபேன்டஸி’ 15ஆம் இதழில். மயிர்க்கூச்செறிய வைக்கும் குட்டிக் கதைகளுக்கென்றே இருந்த பத்திரிகை அது. அதுவே அதன் கடைசி இதழ். ஸ்பைடர்மேனுக்கு 11 பக்கம்தான். மிச்சப் பக்கங்களில் மம்மிப் பெட்டி, மனிதர் நடுவே ஒளிந்து வாழும் செவ்வாய்வாசிகள்!

அந்தக் காலத்து அமெரிக்க காமிக்ஸ்களில் படமே இல்லாமல் இரண்டு பக்கச் சிறுகதை ஒன்று கட்டாயம் இருக்கும். ஏன்? தபால் கட்டணச் சலுகைக்காக! சலுகை வேண்டுமென்றால் எழுத்துப் பக்கம் இருக்க வேண்டும் என்பது அங்கே தபால் விதி. 1941இல் ‘கேப்டன் அமெரிக்கா’ 3ஆம் இதழில் அப்படியொரு பக்க நிரப்பி எழுதித்தான் ஸ்டான் லீ அச்சில் ஏறினார். பின்னாளில் ஸ்பைடர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர்!

1954இல் அங்கே ஒரு கட்டுப்பாடு வந்தது. நடமாடும் பிணம் கூடாது, ரத்தக்காட்டேரி கூடாது, தலைப்பில் ‘திகில்’ என்ற சொல்லே கூடாது. அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பிணம் தடை செய்யப்பட்டிருந்த அந்த 1960களில், சென்னை வடபழனியில் அச்சான ஒரு குழந்தைகள் பத்திரிகையில் மாதாமாதம் ஒரு பிணம் ராஜாவின் தோளில் தொங்கிக்கொண்டு கதை சொன்னது!

அம்புலிமாமாதான். நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கில் ‘சந்தமாமா’ என்று தொடங்கிய பத்திரிகையின் தமிழ் முகம். அந்த ராஜா விக்கிரமனின் படத்தை வரைந்தவர் சங்கர், 1924இல் பிறந்து 2020 வரை வாழ்ந்த மகா கலைஞர். உருவிய வாள், தோளில் வேதாளம் குடியேறிய பிணம், காலடியில் மண்டையோடு. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி கொல்லைப்பக்கம் தனியாகப் போனவர் யாராவது உண்டா?

எங்கள் சித்தூரில் இந்த அதிசயம் இரட்டிப்பு. பாதித் தெரு தெலுங்கு, பாதித் தெரு தமிழ். எங்கள் வீட்டுக்குள்ளேயே அப்படித்தான். தெலுங்குப் பள்ளியில் படித்த அக்காவுக்கு சந்தமாமா, எனக்கு அம்புலிமாமா. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்தால் அதே ராஜா, அதே வாள், அதே சுடுகாடு! எழுத்து மட்டும் வேறு. அக்காவுடையது ‘பேதாளுடு’, என்னுடையது ‘வேதாளம்’. திருப்பதியிலிருந்து வரும் அவ்வாவுக்கு இரண்டையும் வாசித்துக் காட்ட வேண்டும்.

முருங்கை மரம் நம் ஊர்க்காரர்கள் வைத்தது, அது தெரியுமா? 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் வேதாளம் தொங்குவது சிம்சுபா மரத்தில். தமிழில் அது வீட்டுக்கு வீடு நிற்கிற முருங்கையில் ஏறிக்கொண்டது! மூலத்தில் இருந்ததோ 25 கதைகள்தான். மாதம் ஒன்று என்று கணக்குப் போட்டால் இரண்டே வருஷத்தில் தீர்ந்திருக்கும். தீரவிடவில்லை! வேதாளத்தின் வாயில் புதுப்புதுக் கதைகளைப் போட்டுப் பல பத்தாண்டுகள் பேச வைத்தார்கள்.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது, முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து, எஃகுக் கை மட்டும் காற்றில் மிதக்கும். பயம்தான். ஆனால் மாயாவி என்னிடம் கேள்வி கேட்டதில்லை. வேதாளம் கேட்கும், விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை சுக்குநூறாகும்.

சில மாதம் சந்தமாமா முந்திக் கடைக்கு வந்துவிடும். அக்கா விடையைப் படித்துவிட்டு வாயை இறுக்க மூடிக்கொள்வாள். “அக்கா, தெரிஞ்சும் சொல்லலேன்னா தல வெடிச்சிரும்!” என்பேன். கொஞ்ச நேரம் யோசிப்பாள். ஜன்னல் வழியாக முருங்கை மரத்தை ஒருதரம் பார்ப்பாள். சொல்லிவிடுவாள்.