உறக்கத்தில் களவு போகும் உள்ளம்

காலையில் கண்விழித்த ஒருவர் தம் வீட்டாரைப் பார்க்கிறார். முகம் அதே முகம். குரல் அதே குரல். நெற்றியிலுள்ள பழைய தழும்புகூட இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆயினும், "இவர் அவரல்லர்" என்று உள்ளம் அடித்துச் சொல்லுகிறது. இத்தகைய எண்ணம் சிலருக்கு நோயாகவே வருவதுண்டு. 1923ஆம் ஆண்டில் ஜோசப் கப்கிரா என்னும் பிரெஞ்சு மனநோய் வைத்தியர் மற்றொரு வைத்தியருடன் சேர்ந்து இந்நோயை விவரித்து எழுதினார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. தம் கணவரையோ பிள்ளையையோ எவரோ கவர்ந்து சென்று, அச்சாக அவரைப் போன்ற வேறொருவரை அவ்விடத்தில் வைத்துவிட்டனர் என்று இந்நோயாளர் உறுதியாக நம்புவர்.

அந்நோயாளர் சொல்வது உண்மையாகவே இருந்துவிட்டால் என்ன? ஊரார் அனைவரும் "உனக்குச் சித்தம் தெளிவில்லை" என்று சொல்ல, அவர் ஒருவரே உண்மையைக் கண்டவராயின் அவர் கதி யாதாகும்? இவ்வினாவை அடித்தளமாகக் கொண்டதே அமெரிக்க எழுத்தாளர் ஜக் பின்னி எழுதிய விஞ்ஞானக் கற்பனைக் கதை. 1954ஆம் ஆண்டின் இறுதியில் 'கொலியர்ஸ்' சஞ்சிகையில் தொடர்கதையாக வந்து, 1955இல் நூலுருப் பெற்ற அக்கதை, 1956, 1978, 1993, 2007 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை ஹொலிவுட்டில் திரைப்படமாயிற்று. ஒரு கதையை மீண்டும் படமாக்குவது திரையுலகிற் புதுமையன்று. பின்வந்த படம் முன்வந்த படத்துக்கு நிகராக நிற்பதே அரிது. 1978இல் பிலிப் கவ்மன் நெறியாள்கையில் வெளிவந்த 'இன்வேஷன் ஒஃப் த பொடி ஸ்நாச்சர்ஸ்', அதாவது 'உடல் கவர்வோரின் படையெடுப்பு', அத்தகைய அரிய படங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

கதையின் சுருக்கம் இது. வேற்றுலக வித்துகள் விண்வெளியில் மிதந்து வந்து, மழையோடு மழையாகப் பூமியில் விழுந்து முளைக்கின்றன. அவற்றிலிருந்து ஆளளவான பெரும் நெற்றுகள் உண்டாகின்றன. மனிதர் ஒருவர் உறங்கும்போது, அருகிலுள்ள நெற்று அவருடைய உருவத்தையும் நினைவுகளையும் முற்றாகப் பிரதி செய்துகொள்கிறது. பிரதி நிறைவெய்தியதும் பழைய உடல் உதிர்ந்து தூளாகிவிடுகிறது. புதிய மனிதருக்கு அறிவு உண்டு, நினைவு உண்டு, தம் தொழிலைச் செய்யும் திறமையும் உண்டு. அன்பு, வெறுப்பு, அச்சம் என்பன மாத்திரம் இல்லை. வாளும் பீரங்கியும் இப்படையெடுப்புக்குத் தேவைப்படவில்லை. உறக்கம் ஒன்றே போதுமாயிருந்தது. எவர்தாம் எத்தனை இரவு விழித்திருக்க இயலும்?

1956இல் டொன் சீகல் நெறியாண்ட முதற் படம், சாந்தா மீரா என்னும் கற்பனைச் சிற்றூரில் இந்நிகழ்ச்சிகளை அமைத்தது. கெவின் மக்கார்த்தி என்னும் நடிகர் அவ்வூர் வைத்தியராகத் தோன்றினார். அக்காலம் அமெரிக்காவிற் சந்தேகம் மலிந்திருந்த காலம். கம்யூனிஸ்டுகள் அரசாங்கத்தினுள் ஊடுருவிவிட்டனர் என்று முழங்கி வந்த செனட்டர் ஜோசப் மக்கார்த்தியை, 1954 டிசம்பரில் செனட் சபையே கண்டித்திருந்தது. நடிகரின் பெயரும் செனட்டரின் பெயரும் ஒன்றாய் அமைந்தமை தற்செயலே. படத்தைப் பார்த்தோருள் ஒரு சாரார், நெற்றுகள் கம்யூனிஸ ஊடுருவலைக் குறிக்கின்றன என்றனர். மற்றொரு சாரார், அவ்வச்சத்தைக் காட்டி எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்க முற்பட்டவர்களையே அவை குறிக்கின்றன என்றனர். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு பொருளும் ஒரே படத்துக்குப் பொருந்தின. எந்தக் கட்சியினர் வற்புறுத்தினாலும், பிறரைப் போலவே ஆகிவிடு என்னும் வற்புறுத்தல் ஒன்றே என்பதே அதற்குக் காரணம்.

கவ்மன் இக்கதையைச் சிற்றூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ மாநகருக்குக் கொண்டு சென்றார். இம்மாற்றம் களத்தை மாத்திரமன்றிக் கதையின் பொருளையும் மாற்றியது. சிற்றூரில் ஒருவரையொருவர் அறிவர். ஒருவருடைய பார்வை மாறினால் மற்றவர் உடனே உணர்வர். மாநகரத்திலோ முகம் பார்க்காமற் கடந்து செல்வதே வழக்கம். பஸ்ஸில் அருகே அமர்ந்திருப்பவர் நேற்று மனிதராக இருந்தாரா என்பதை எவர் அறிவார்? மேலும், 1960களிற் பழைய கட்டுப்பாடுகளை உதறிய இளைஞர்கள் திரள் திரளாக நாடிச் சென்ற நகரம் அது. தனித்தன்மையைக் கொண்டாடிய நகரமே ஓசையின்றி ஒருமுகமாகிவிடுகிறது.

டொனால்ட் சதர்லண்ட் நடிக்கும் மத்தியூ பெனல், அந்நகரின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். உணவுக் கடைகளின் அழுக்கைக் கண்டுபிடிப்பது அவர் தொழில். அவருடன் பணியாற்றும் எலிசபெத், புரூக் அடம்ஸ் ஏற்ற பாத்திரம், பெயரறியாத பூவொன்றைக் கொய்து வீட்டுக்குக் கொண்டு செல்கிறாள். மறுநாட் காலை அவளுடைய துணைவர் வேறொருவராக நடமாடுகிறார். சலவைக்கடைச் சீனர் ஒருவர், "இவள் என் மனைவியல்லள்" என்று மத்தியூவிடம் முறையிடுகிறார். கேட்பதற்கு நேரமுள்ளவர் எவருமில்லை. நாட்கள் சிலவற்றின் பின் அவரே வந்து, மனைவிக்கு இப்போது நல்ல சுகம் என்று அமைதியாகச் சொல்லிவிடுகிறார். பேயும் குருதியும் காட்டாமலே பார்ப்போரை நடுங்கச் செய்யும் கட்டம் இது.

படத்தின் அச்சம் பெரும்பாலும் கண்ணின் ஓரத்திலும் செவியின் ஓரத்திலுமே வைக்கப்பட்டிருக்கிறது. கதாபாத்திரங்கள் பேசிக்கொண்டிருக்கையிற் பின்னால் குப்பை லொறி ஒன்று சாம்பல்நிறத் தூசுப் பொதிகளை ஏற்றிச் செல்லும். அத்தூசு யாது என்பது பின்னரே விளங்கும். அப்பொதிகளை எவரும் பொருட்படுத்துவதில்லை. பார்வையாளரும் முதலிற் பொருட்படுத்துவதில்லை. ஒளிப்பதிவாளர் மைக்கல் சப்மன் சாதாரண வீதிகளையும் அலுவலகங்களையும் நிழல் கவிந்தனவாகக் காட்டுகிறார். இசையமைத்த டெனி சைட்லின் ஜாஸ் பியானோக் கலைஞர்; அதே வேளை மனநோய் வைத்தியருமாவார். நெற்று மனிதர் எழுப்பும் ஊளை முதலிய விசேட ஒலிகளை ஆக்கியவர் பென் பேர்ட்.

முதற் படத்தை நினைவுகூரும் இடங்களும் உள. வீதியில் ஒருவர் வெறிகொண்டவர்போல் ஓடிவந்து, மத்தியூவின் மோட்டார் வண்டியில் மோதி, "அவர்கள் வந்துவிட்டார்கள்" என்று அலறுகிறார். அவர் 1956ஆம் ஆண்டுப் படத்தின் கதாநாயகரான கெவின் மக்கார்த்தியே. முதற் படத்தை நெடுஞ்சாலையில் அவர் அலறும் காட்சியுடன் முடிக்கவே சீகல் விரும்பினார். தயாரிப்பு நிறுவனமோ, அபாயம் தடுக்கப்படும் என்னும் நம்பிக்கையை ஊட்டும் முன்னுரைக் காட்சியையும் முடிவுரைக் காட்சியையும் சேர்க்கச் செய்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அம்மனிதர் ஓடிக்கொண்டே இருந்தார் என்பதுபோல அமைந்திருக்கிறது இக்காட்சி. சீகலும் ஒரு டக்சிச் சாரதியாக வந்து போகிறார்.

இரு படங்களுக்கும் இடையிலுள்ள ஆழ்ந்த வேறுபாடு டேவிட் கிப்னர் என்னும் பாத்திரத்திலேயே தங்கியுள்ளது. லெனாட் நிமோய் நடித்த இவர் புகழ்பெற்ற மனநோய் வைத்தியர். மக்கள் விரும்பிப் படிக்கும் நூல்களை எழுதுபவர். "என் கணவர் என் கணவரல்லர்" என்று ஒரு பெண் அழுதால், இவர் அவளைத் தோளோடு அணைத்து, இல்லற உறவிலிருந்து விலகுவதற்கு உன் மனம் கற்பித்த காரணமே அது என்று இதமாக விளக்குவார். அவருடைய விளக்கம் அறிவுக்குப் பொருத்தமானது. அதனாலேயே அது ஆபத்தானது. கண்டதைக் கண்டபடி சொன்னவளுக்குத் தன் கண்மேலேயே ஐயம் உண்டாகிவிடுகிறது. பின்னர் அவரும் நெற்று மனிதராக வந்து நிற்கும்போது பயமுறுத்தவில்லை. கவலையும் பயமும் பகையுமற்ற உலகில் மறுபிறப்பு அளிப்பதாகவே கூறுகிறார். அவ்வமைதிக்குக் கொடுக்கவேண்டிய விலை அன்பு ஒன்றே. சோர்ந்து போன மனிதருக்கு அது பெரிய விலையாகத் தோன்றாமற் போகலாம் என்பதே படத்தின் உண்மையான திகில்.

கூட்டத்தின் முன் தனிமனிதர் தம் கண்ணையே ஐயுறுவது கற்பனை மாத்திரமன்று. 1950களின் தொடக்கத்தில் சொலமன் அஷ் என்னும் உளவியலறிஞர் அமெரிக்கக் கல்லூரி மாணவரைக் கொண்டு இதனைச் சோதித்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு. மற்றோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றனுள் முதற் கோட்டுக்குச் சமமானது எது என்று சொல்லவேண்டும். சிறுபிள்ளைக்கும் விளங்கும் வினா இது. ஆனால் அறையில் இருந்தோருள் ஒருவரே சோதனைக்கு உள்ளானவர். ஏனையோர் முன்னரே பேசிவைத்தபடி ஒரே தவறான விடையைச் சொல்வர். தனித்து நின்ற மாணவர்கள் இச்சந்தர்ப்பங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் கூட்டத்தின் விடையையே தாமும் சொன்னார்கள். ஏறத்தாழ நால்வரில் மூவர் ஒருமுறையேனும் இணங்கினர்; நால்வரில் ஒருவர் ஒருபோதும் இணங்கவில்லை.

அடுத்த சோதனை இன்னும் கருதத்தக்கது. உண்மையைச் சொல்லும் துணைவர் ஒருவரை அஷ் அவ்வறையில் அமர்த்தினார். ஒரே ஒருவர் உடனிருந்தமையால், கூட்டத்தின் வல்லமை நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. பின்னர் அத்துணைவர் இடையிற் கட்சி மாறிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டபோது, தனித்துவிடப்பட்டவரின் தவறுகள் திடீரெனப் பெருகின. மனிதரின் உறுதி அவருள்ளே மாத்திரம் இருப்பதன்று. அவர் அருகில் நிற்பவரிடத்தும் இருக்கிறது.

கவ்மனின் படம் இவ்வுண்மையையே படிப்படியாகக் காட்டுகிறது. மத்தியூ, எலிசபெத், நண்பர் ஜக், அவர் மனைவி நான்சி என நால்வர் ஒருவரையொருவர் நம்பியிருக்கும் வரை போராட்டம் நடக்கிறது. பின்னர் ஒவ்வொருவராக இழக்கப்படுகின்றனர். உணர்ச்சியை முகத்திற் காட்டாமல் நடந்தால் நெற்று மனிதரிடையே தப்பித் திரியலாம் என்று நான்சி கற்றுக்கொள்கிறாள். இறுதிக் காட்சியில் நகரமண்டபத்தின் அருகே மத்தியூ நடந்து வருகிறார். அவரும் தன்னைப் போலவே நடிக்கிறார் என்று எண்ணிய நான்சி, மெல்லப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு அருகிற் செல்கிறாள். மத்தியூ கையை உயர்த்தி அவளைச் சுட்டிக்காட்டி, வாய் பிளந்து ஊளையிடுகிறார். எஞ்சியிருந்த ஒரே துணையும் இல்லையென்று அறிந்த நான்சியின் கதறலோடு படம் முடிகிறது.

படம் திரைக்கு வந்தது 1978 டிசம்பரில். அதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன், நவம்பர் 18இல், சான் பிரான்சிஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த 'மக்கள் ஆலயம்' என்னும் குழுவினர் 900க்கு மேற்பட்டோர், கயானா நாட்டிலே தலைவர் ஜிம் ஜோன்ஸின் கட்டளையால் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ 300 பேர் சிறுவர். படம் அதற்கு முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே அதற்குத் தீர்க்கதரிசனம் கற்பிக்கத் தேவையில்லை. ஆனால் அன்றைய கூட்டத்தின் ஒலிநாடா எஞ்சியிருக்கிறது. குழந்தைகளுக்கு வாழும் உரிமை உண்டு என்று பெண்மணி ஒருவர் எழுந்து வாதாடுவது அதிற் கேட்கிறது. தலைவர் மறுக்கிறார், கூட்டத்தினர் கூச்சலிட்டு அவரை அடக்குகின்றனர். அவருக்குப் பக்கபலமாக இன்னொரு குரல் உறுதியாக எழுந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை எவரும் அறியார்.

சலவைக்கடைச் சீனர் முறையிட்ட நாளில் அவர் நோயாளராகத் தோன்றினார். சுகம் என்று சொன்ன நாளில் நலமுற்றவராகத் தோன்றினார். உண்மையில் அவர் மனிதராயிருந்தது முறையிட்ட நாளிலேதான். அன்று அவர் கேட்டது பெரிய உதவியன்று. தாம் சொல்வதைச் சற்று நின்று கேட்கும் ஒருவரையே அவர் தேடினார்.