கட்டரில் ஒட்டாமல் விழும் பெயர்!

பிறந்தநாள் கேக்கில் குழந்தையின் பெயரை ஃபாண்டன்ட்டில் வைக்கச் சொல்லி ஆர்டர் வந்தால், வீட்டில் கேக் செய்பவர்கள் பலருக்கும் கேக்கைவிட எழுத்தில்தான் பயம். டெலிவரி நேரம் நெருங்கும்போதுதான் ஓர் எழுத்து கட்டருக்குள் மாட்டிக்கொண்டு வர மறுக்கும்!

தேய்த்த கையோடு வெட்டுவதுதான் பெரும்பாலும் காரணம். ஃபாண்டன்ட்டில் சிட்டிகை சி.எம்.சி பவுடர் சேர்த்துப் பிசைந்து, சப்பாத்தியைவிட மெல்லியதாகத் தேய்த்து, 10 நிமிடம் காற்றாட விடுங்கள். மழைநாளில் இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும். அவசரப்பட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால், வெளியே எடுத்ததும் வியர்த்து ஒட்டும். மேல்பக்கம் உலர்ந்ததும், கட்டரைச் சோள மாவில் தொட்டு அழுத்தி, மேஜை விளிம்பில் தட்டினால் எழுத்து முழுசாக விழும். படிந்த மாவை உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்துவிடலாம். கேக்கில் ஒட்ட ஒரு துளி தண்ணீர் போதும். கூடினால் எழுத்து வழுக்கும், சாயமும் இறங்கும்.

தமிழில் பெயர் கேட்டால் ஆங்கில எழுத்து கட்டர் உதவாது. பெயரை பிரின்ட் எடுத்து, அதைப் பட்டர் பேப்பரில் வரைந்து வெட்டி, ஃபாண்டன்ட் மேல் வைத்துக் கூரான கத்தியால் நறுக்க வேண்டியதுதான். புள்ளிக்குச் சின்ன பைப்பிங் நாசிலின் முனையே கட்டர். வெட்டும் முன் குழந்தையின் அம்மாவிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்: சின்ன ‘ன’வா, பெரிய ‘ண’வா?