2 நிமிடத்தில் முடியும் விமான பயணம்! 'டவுன் பஸ்' போல ஓடும் குட்டி விமானம்

விமானத்தில் ஏறி, சீட் பெல்ட் போட்டு, ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதற்குள் ஊர் வந்துவிட்டால் எப்படி இருக்கும்? ஸ்காட்லாந்தின் வடக்கு முனையில் உள்ள ஆர்க்னி தீவுகளில் இது தினசரி சமாசாரம்.

அங்குள்ள வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற 2 தீவுகளிலும் தலா ஒரு குட்டி விமான தளம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் வெறும் 2.7 கிலோமீட்டர்தான். நம்மூர் டவுன் பஸ்சில் ரெண்டு, மூணு ஸ்டாப் போகிற தூரம். கால அட்டவணையில் பயண நேரம் 2 நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். உலகிலேயே மிகக் குறுகிய விமான சேவை இதுதான். 1967-ம் ஆண்டு லோகன்ஏர் நிறுவனம் இதை தொடங்கியது.

53 வினாடி சாதனை

காற்று சாதகமாக இருந்தால் 2 நிமிடம்கூட ஆகாது. ஒரு முறை 53 வினாடியிலேயே தரை இறங்கி சாதனை படைத்திருக்கிறார்கள். கணக்கு போட்டால் மணிக்கு சுமார் 183 கிலோமீட்டர் வேகம்!

அப்புறம் ஏன் தினமும் 53 வினாடியில் போக முடியவில்லை? காரணம் காற்றுதான். விமானம் எப்போதும் எதிர்காற்றை நோக்கித்தான் கிளம்ப வேண்டும், இறங்கவும் வேண்டும். அப்போதுதான் குறைந்த ஓட்டத்தில் மேலே எழும்பும், சீக்கிரம் நிற்கும். காற்றின் திசை மாறினால் வட்டம் அடித்து திரும்ப வேண்டியிருக்கும். தூரம் அதேதான், நேரம் மட்டும் கூடிவிடும். ஓடுபாதையில் உருண்டு போகும் நேரமும் இதில் சேரும். மூடுபனி இறங்கினால் விமானமே கிடையாது.

இதில் பறப்பது 'ஐலேண்டர்' என்ற இரட்டை என்ஜின் விமானம். 8 பயணிகள் உட்காரலாம். அதிர்ஷ்டம் இருந்தால் பைலட் பக்கத்து சீட்டே கிடைக்கும்!

வேடிக்கை அல்ல, வாழ்க்கை

சுற்றுலா பயணிகளுக்கு இது வேடிக்கை. தீவு மக்களுக்கு இதுதான் உயிர்நாடி. பெயருக்கு ஏற்றபடி பாப்பா வெஸ்ட்ரே சின்னஞ்சிறு தீவு. 2011 கணக்கெடுப்பின்படி மொத்தமே 90 பேர். இத்தனை பேருக்காக பெரிய ஆஸ்பத்திரியோ, மேல்நிலைப் பள்ளியோ கட்ட முடியாது. எல்லாவற்றுக்கும் தலைநகரான கிர்க்வாலுக்குத்தான் போக வேண்டும்.

கிர்க்வால் சுமார் 44 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கப்பலில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நேராக பறக்கும் விமானத்தில் 15 முதல் 20 நிமிடம்தான். குளிர்காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பலை நம்பவும் முடியாது. அதனால் டாக்டர், ஆசிரியர், நோயாளி, மாணவர் என எல்லோரும் இந்த விமானத்தைத்தான் எதிர்பார்த்து இருக்கிறார்கள். கிர்க்வாலில் கிளம்பும் விமானம் போகிற வழியில் 2 தீவுகளையும் தொட்டுச் செல்வதால்தான் இந்த 2 நிமிட பயணமே வந்தது.

டிக்கெட் பணத்தை மட்டும் நம்பி இப்படி ஒரு விமானத்தை ஓட்ட முடியாது. அரசு பணத்தில் மானியம் கொடுத்துத்தான் சேவை நடக்கிறது. லாபக் கணக்கு பார்த்து நிறுத்திவிட்டால், அவசரத்துக்கு ஒரு டாக்டர் வருவதற்குக்கூட கடல் அடங்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.